பாட்டி செய்த புலி: 1942-ல் செய்த காகிதக் கூழ் பொம்மையைப் பழுதுபார்த்த அனுபவம்

மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரில் வேளச்சேரியில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர் ஏறியது. பரணுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று முந்தின வாரம்தான் கொலு பொம்மை ட்ரங்குப் பெட்டியைக் கீழே இறக்கி வைத்திருந்தோம். தண்ணீர் வடிந்து, சேற்றை வழித்து, பெட்டியைத் திறக்க ஐந்து நாள் ஆகிவிட்டது. சுட்ட மண் பொம்மைகள் சாயம் போனதோடு தப்பித்தன. அடியில் பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்த காகிதக் கூழ் பொம்மைகள் பதினொன்றில் நான்கு கரைந்து களியாகக் கிடந்தன. மீதி ஏழும் ஊறி உப்பியிருந்தன. அந்த ஏழில் ஒன்று புலி.

அதைச் சரிசெய்ய எனக்கு ஒன்பது மாதம் ஆனது. எப்படிச் செய்தேன், எங்கே தவறினேன் என்று எழுதி வைக்கிறேன். இப்படிப் பழைய பேப்பர் பொம்மை வைத்திருக்கும் வீடுகள் சென்னையில் இன்னும் நிறைய இருக்கும். ஈரம் பட்டுவிட்டது என்று யாரும் அவசரப்பட்டுத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

முதலில் புலி எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். பழுதுபார்க்கும்போது நான் எடுத்த முடிவுகள் எல்லாம் அதிலிருந்துதான் வந்தன.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஏப்ரல் 5 அன்று கொழும்பில் குண்டு போட்டார்கள். மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஊரே நம்பியது. பட்டணத்தில் இருந்தே ஆக வேண்டிய வேலை இல்லாதவர்கள் வெளியேறிவிடுவது நல்லது என்று அரசாங்கமே சொன்னது. தாத்தாவுக்குத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை, அவர் நகர முடியாது. பாட்டி மட்டும் மூன்று பிள்ளைகளோடு எழும்பூரில் முண்டியடித்து ரயிலேறி, காஞ்சிபுரத்தில் இறங்கி, அங்கிருந்து மாட்டுவண்டியில் வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்த தன் சித்தி வீட்டுக்குப் போனார். பெரியத்தைக்கு அப்போது ஒன்பது வயது. இப்போது 91, மேற்கு மாம்பலத்தில் இருக்கிறார். என் அப்பாவுக்கு ஐந்து. சின்ன அத்தை கைக்குழந்தை.

எங்கள் வீட்டுக்கு இந்த ஓட்டம் இரண்டாவது முறை. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தபோது நவராத்திரி நடந்துகொண்டிருந்தது. பாட்டியின் அம்மா, இரண்டு வயதுக் குழந்தையாக இருந்த பாட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கொலுவைப் படியிலேயே விட்டுவிட்டு ஓடியவர். திரும்பி வந்தபோது பொம்மைகள் வைத்தது வைத்தபடி இருந்தனவாம். 28 வருடம் கழித்து அதே திருவல்லிக்கேணி வீட்டைப் பூட்டிக்கொண்டு பாட்டி கிளம்பியபோதும் வண்டியில் பொம்மைக்கு இடமில்லை.

அப்போது மிருகக்காட்சி சாலை வண்டலூரில் இல்லை. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்கில், மூர் மார்க்கெட்டுக்கு அருகில் இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடும் என்று அந்த ஏப்ரலில் புலி, சிங்கம் போன்ற ஆபத்தான விலங்குகளைச் சுட்டுவிட்டார்கள். வைகாசியில் முதல் தடவை ஊருக்கு வந்த தாத்தா இதைப் பெரியவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். திண்ணையில் தூங்குவதுபோல் படுத்திருந்த அப்பா கேட்டுவிட்டார். தாத்தாவின் தோளில் உட்கார்ந்து அந்தப் புலியைப் பார்த்த பையன் அவர்.

“ரெண்டு நாள் அவனுக்குச் சோறு எறங்கல. மூணாம் நாள் காலையில அம்மா, வாடா, நாம ஒண்ணு செய்வோம்னு கூப்பிட்டா” என்றார் பெரியத்தை.

பாட்டி கொலு பொம்மை செய்யக் கற்றவர் இல்லை. ஆனால் முறத்துக்கு வெந்தயமும் காகிதமும் அரைத்து மெழுகத் தெரியும். பானையைக் கவிழ்த்து அதன்மேல் கூழை அப்பிக் காயவைத்துப் பேப்பர் கூடை செய்யத் தெரியும். அந்தக் காலத்துப் பெண்கள் பலருக்கும் தெரிந்த வேலைதான் அது. அதை வைத்தே புலி செய்தார். உடம்புக்கு வைக்கோலைத் திரித்து வாழைநாரால் கட்டினார். காலுக்கு மூங்கில் குச்சி. தலைக்கு விளாம்பழ ஓடு. கண்ணுக்குப் பிள்ளையாருக்கு வைப்பது போலக் குன்றிமணி. வால் தென்னங்கயிறு.

பர்மா அரிசி நின்றுபோன வருடம் அது. கஞ்சியிலோ மாவிலோ பசை காய்ச்சினால் சாப்பாட்டில் கை வைத்த மாதிரி. புளியங்கொட்டை மட்டும் சும்மா கிடைத்தது. அதை வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து, அம்மியில் அரைத்துக் காய்ச்சிய பசைதான் எல்லாவற்றுக்கும். கொண்டப்பள்ளி பொம்மைக்காரர்களும் புளியங்கொட்டைப் பொடியையும் மரத்தூளையும் பிசைந்துதான் உறுப்புகளை ஒட்டுகிறார்கள். பாட்டிக்கு அது தெரிந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. வீட்டில் எது மிச்சமோ அதை எடுத்திருக்கிறார், அது மிகச் சரியான பொருளாக இருந்திருக்கிறது.

சரி, பழுதுபார்த்த கதைக்கு வருகிறேன்.

முதல் நாளே ஒரு தவறு செய்தேன். ஏழு பொம்மைகளையும் மொட்டைமாடியில் வெயிலில் வைத்தேன். மத்தியானத்துக்குள் செட்டியார் பொம்மை கழுத்திலிருந்து தொப்பை வரை பிளந்துவிட்டது. மேல்தோல் வேகமாகக் காய்ந்து சுருங்குகிறது, உள்ளே இன்னும் ஊறி உப்பியே இருக்கிறது, அப்புறம் தோல் கிழியாமல் என்ன செய்யும்? உடனே எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவந்து, நிழலில், கீழேயும் காற்று போகும்படி கம்பிவலைத் தட்டில் வைத்தேன். மேசை விசிறியைப் பொம்மை மேல் படாமல் சுவரைப் பார்த்துத் திருப்பி ஓடவிட்டேன். காலையும் மாலையும் புரட்டி வைத்தேன். டிசம்பர் மாதச் சென்னைக் காற்றிலேயே பாதி தண்ணீர்தான், பொறுமை வேண்டும்.

காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. சமையலறைத் தராசில் தினமும் நிறுத்து எழுதினேன். புலி முதல் நாள் 1,140 கிராம். 24-ஆம் நாள் 410. அதற்குப் பிறகு நான்கு நாள் நிறுத்தும் எடை இறங்கவில்லை. அப்போதுதான் கை வைத்தேன். இதைப் பார்த்துக் கொசப்பேட்டையில் பரம்பரையாகக் கொலு பொம்மை செய்கிற ஓர் அம்மா, “நாங்க தட்டிப் பார்த்தே சொல்லிடுவோம், ஆனா நீங்க நிறுத்தது நல்லதுதான்” என்றார்.

பூசணத்தை முகக்கவசம் போட்டுக்கொண்டு மாடியில் வைத்துக் காய்ந்த மெல்லிய தூரிகையால் தள்ளினேன். ஈரத்துணியால் துடைக்கலாமா என்று பார்க்க, காலுக்கு அடியில் ஒரு மூலையில் ஈரப்பஞ்சை வைத்து எடுத்தேன். பஞ்சில் மஞ்சள் ஏறியது. சாயம் பிசினில் கலந்தது, தண்ணீர் பட்டால் வந்துவிடும். அத்தோடு துடைக்கும் எண்ணத்தை விட்டேன். எந்தப் பழைய பொம்மைக்கும் முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள், கண்ணுக்குப் படாத இடத்தில்.

வயிறுதான் பெரிய பிரச்சினை. 1980-களில் வீட்டில் யாரோ நல்ல எண்ணத்தில் வயிற்று விரிசலுக்குப் பிளாஸ்டர் அப்பி, மேலே எனாமல் பெயிண்ட் அடித்திருந்தார்கள். காகிதக் கூழ் மூச்சுவிடும் பொருள். ஈரம் ஏறும், இறங்கும். எனாமல் அந்த வழியை அடைத்துவிட்டது. வெள்ளத் தண்ணீர் வேறு இடங்களில் காய்ந்த பிறகும் வயிற்றுக்குள் மட்டும் தேங்கி, வைக்கோல் அழுகியிருந்தது. அறுவைக் கத்தியின் நுனியால் எனாமலைச் சிறு சிறு செதில்களாக எடுத்தேன். உள்ளங்கையளவு இடத்துக்கு ஒன்பது நாள். பிளாஸ்டர் அதுவே கழன்று வந்தது.

வயிறு திறந்ததும் கறுத்துப்போன வைக்கோலை இடுக்கியால் ஒவ்வொன்றாக உருவினேன். பாதி எடுத்த பிறகு டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். வைக்கோலை ஒட்டியிருந்த முதல் அடுக்கு செய்தித்தாள் இல்லை. சின்னச் சின்னச் சதுரத் தாள்கள், ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று. ஒன்றில் ‘சித்திரபானு வருஷம்’ தெரிந்தது. பக்கத்தில் பெரிய எழுத்தில் 3, அதற்கு மேல் ‘ஆனி’. தினசரி நாள்காட்டித் தாள்கள்.

பெரியத்தைக்குப் படம் எடுத்து அனுப்பினால் கண் தெரியாது. நேரில் போய் விவரமாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “அப்பா எப்ப வருவாருன்னு தம்பி தெனம் அழுவான். அம்மா காலண்டர் தாளக் கிழிச்சு அவன் கையில குடுப்பா. சாயங்காலம் அத அவனே புலி மேல ஒட்டணும். எத்தனை ஒட்டினா அப்பா வருவாருன்னு எண்ணுவான். எனக்குப் பேப்பர் கிழிக்கிற வேலை. சித்தியோட மாமனார்தான் நார் கிழிச்சுக் குடுப்பாரு. ராத்திரி விளக்கேத்த மண்ணெண்ணெய் கிடையாது. இருட்டுறதுக்குள்ள முடிச்சுட்டு, கையில அந்தப் புளியங்கொட்டை வாசனையோடயே தூங்கிடுவோம்.”

“பயமா இருக்காதா அத்தை?”

“இருந்துச்சு. ஆனா காலையில எழுந்தா நேத்து ஒட்டினது காஞ்சுதான்னு பாக்கணும்ல. அதுக்குத்தான் மொதல்ல ஓடுவோம்.”

புலியோடு அவர்கள் நிறுத்தவில்லை. அந்த வருட நவராத்திரிக்குள் இருபது பொம்மைக்கு மேல் செய்திருக்கிறார்கள். தலையில் கொட்டாங்குச்சித் தொப்பியும் வாயில் ஊதலுமாக, விமானத் தாக்குதல் வந்தால் ஊரை எச்சரிக்கும் ஓர் ஏ.ஆர்.பி. ஆள். ரயிலில் இடம் கிடைக்காமல் மூட்டைமேல் உட்கார்ந்திருக்கும் கிழவி. செட்டியாரும் அவர் மனைவியும்; அவர்கள் கடைக்கு முன்னால் வழக்கமாக நிஜ அரிசியும் பருப்பும் வைப்பார்களே, அந்த வருடம் சலித்த ஆற்றுமணல் வைத்தார்களாம். தாத்தா ஒவ்வொரு முறை வரும்போதும் ஆபீசில் கழித்த காகிதத்தை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். போர்க்காலத்தில் காகிதமும் எளிதில் கிடைக்காத சரக்கு. வந்ததும் பையைக்கூட இறக்காமல் புதிதாக என்ன செய்திருக்கிறீர்கள் என்றுதான் கேட்பாராம்.

26 தாள்களை எண்ண முடிந்தது. தெரிந்த ஒருவர் அவற்றைப் பிரித்தெடுத்துச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. ஐந்து வயதுப் பையன் புலிக்காக ஒட்டிய தாள் புலிக்குள்தான் இருக்க வேண்டும். படம் மட்டும் எடுத்துக்கொண்டேன். கழன்றிருந்த ஓரங்களுக்கு அடியில் நீர்த்த பசையை ஊசி கழற்றிய சிரிஞ்சால் விட்டு, விரலால் அழுத்தி, அப்படியே ஒட்டவைத்தேன்.

இனி கூழ். பசைக்கு, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய புளியங்கொட்டைப் பொடி ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. கட்டி தட்டாமல் குளிர்ந்த நீரில் கரைத்துவிட்டுத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும். சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் இருபது நிமிடத்தில் கண்ணாடி மாதிரி ஆகும். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு சிட்டிகை சேர்த்தேன், பூசணமும் காகிதம் தின்னும் இராமபாணப் பூச்சியும் அண்டாமல் இருக்க. துத்தம் விஷம். கையுறை போட வேண்டும், அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்ப எடுக்கவே கூடாது.

காகிதத்துக்குச் செய்தித்தாளை எடுக்கவில்லை. அதில் இருக்கிற மரச்சத்தும் அமிலமும் காலப்போக்கில் பழுப்பேறி நொறுங்கும். பாட்டிக்கு வேறு வழி இல்லை, எனக்கு இருந்தது. ஆய்வுக்கூடங்களில் பயன்படுத்தும் வடிதாள் கால் கிலோ வாங்கி, நகத்தளவு கிழித்து, மூன்று நாள் ஊறவைத்து மிக்சியில் அடித்தேன். ஐம்பது கிராம் வெந்தயத்தை இரவு ஊறவைத்துத் தனியாக அரைத்துக் கொண்டேன். இரண்டையும் பசையோடு பிசைந்து இரண்டு கைப்பிடி சாக்குத்தூள் (சுண்ணக்கட்டிப் பொடி) சேர்த்தேன்.

முதல் அப்பல் தோற்றது. பள்ளத்தை ஒரே தடவையில் நிரப்பினேன். மூன்று நாளில் ஓரமெல்லாம் சுருங்கி, பழைய தோலுக்கும் புதுக் கூழுக்கும் நடுவே நகம் நுழைகிற இடைவெளி விழுந்தது. கூழில் தண்ணீர் அதிகம், அடுக்கும் கனம். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை கூழை மெல்லிய துணியில் கட்டி, சொட்டு நீர் வராத வரை முறுக்கிப் பிழிந்தேன். பூரி மாவு பதம். ஒரு தடவைக்கு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் அப்பவில்லை. ஓர் அடுக்கு நன்றாகக் காய்ந்து, அதன்மேல் பசை தடவி, அப்புறம்தான் அடுத்தது. பதினான்கு அடுக்கு. அதற்கு முன் உள்ளே புது வைக்கோல் வைத்தேன். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி மாடு வைத்திருக்கும் பால்காரர் கொடுத்தார். உதறி, நிழலில் உலர்த்தி, வாழைநாரால் பாட்டி கட்டியிருந்த அதே முடிச்சில் கட்டினேன். பழைய நாரைப் பிரிக்கும்போதே முடிச்சை வரைந்து வைத்திருந்தேன்.

வயிற்று வாயைத் தைத்தது போல மூட ஒரு மெல்லிய, வலுவான தாள் வேண்டியிருந்தது. அருங்காட்சியக வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் ஒரு தாளைக் கொடுத்தார். வெங்காயத் தோல்போல மெல்லிசு, இழுத்தால் கிழியவில்லை. பழைய ஓவியம், ஏடு எல்லாவற்றுக்கும் உலகம் முழுக்க இதைத்தான் ஒட்டுகிறார்கள் என்றார். ஜப்பானில் ஒருவகை மல்பெரி மரப்பட்டையிலிருந்து கையால் எடுக்கிற தாள். பெரியத்தையிடம் கொண்டுபோய் விரலில் கொடுத்தேன். இன்ன ஊர்த் தாள் என்றும் சொன்னேன். தடவித் தடவிப் பார்த்தார். “எவ்வளவு மெத்துன்னு இருக்கு. அங்கயும் ஒருத்தி உக்காந்து பொம்மை செஞ்சிருப்பா, இல்ல?” என்றார். அங்கே விழுந்த குண்டுகளைப் பற்றியும் அவர் பிற்பாடு பேப்பரில் படித்தவர். அந்தத் தாளை இரண்டு விரல் அகலக் கீற்றுகளாக, வெட்டாமல் நனைத்துக் கிழித்து ஒட்டினேன். கிழித்த ஓரத்தில் நார் நீண்டு நிற்கும், பழைய தோலோடு தடம் தெரியாமல் கலந்துவிடும்.

நிறத்தில் ஒரு மாதம் போனது. புலியின் மேல் இப்போது இருப்பது வெளிறிய மஞ்சள். ஆனால் முன்காலுக்கும் மார்புக்கும் நடுவே வெளிச்சமே படாத மடிப்பில் ஆழ்ந்த செம்மஞ்சள் இருந்தது. கடைச் சாயமாக இருக்கும் என்று நினைத்தேன். நிறத்தை விவரித்ததும் பெரியத்தை உடனே சொன்னார்: “அது ஆரத்தி நிறம்.” மஞ்சளில் துளி சுண்ணாம்பு! விளாம்பிசினில் மஞ்சளைக் குழைத்துச் சுண்ணாம்பு சேர்த்துப் பார்த்தேன். கண் முன்னால் சிவந்து புலி நிறம் வந்தது. ஆனால் சோதனை அட்டையில் பூசியது நாளாக ஆகச் சுண்ணாம்பின் காரம் தணிந்து மஞ்சளுக்கே திரும்பியது. 1942-ல் அந்தச் செந்நிறம் எத்தனை நாள் இருந்திருக்கும்? அப்பா பார்த்த புலி அந்த நிறத்தில்தான் இருந்திருக்கும்.

முழுப் புலிக்கும் அதைப் பூசிவிட ஆசை வந்தது. பூசவில்லை. பழைய சாயத்தின் மேல் என் கை போகக் கூடாது என்று ஆரம்பத்திலேயே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. புது அப்பலின் மேல் மட்டும் சாக்குத்தூளும் பிசினும் மெழுகி, இன்றைக்கு இருக்கிற வெளிறிய மஞ்சளுக்கு நீர்வண்ணத்தில் பொருத்தினேன். கோடுகளுக்குப் பாட்டியைப் போலவே விளக்குக்கரி. அது மங்குவதே இல்லை. பழைய கோடுகள் ஒவ்வொன்றும் வலமிருந்து இடம் தடித்து முடிகின்றன, பாட்டி இடதுகைக்காரர். நான் எவ்வளவு முயன்றும் என் கோடு இடமிருந்துதான் வந்தது. பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு எது யாருடையது என்று தெரியும், தெரியட்டும். வார்னிஷ் போடவில்லை.

காணாமல் போயிருந்த ஒரு கண்ணுக்குக் குன்றிமணி, செப்டம்பரில் பிள்ளையார் சதுர்த்திக்கு மயிலாப்பூர் மாடவீதியில் விற்கும்போது வாங்கினேன். கறுப்புப் பொட்டு மூக்குப் பக்கம் பார்க்க வேண்டும், மற்றக் கண் அப்படித்தான் இருந்தது. மீசைக்குத் துடைப்பக் குச்சி நான்கு. இடது காது வெள்ளத்தில் கரைந்துபோயிருந்தது. வலது காதைப் பார்த்து அதே அளவில், அதே நிமிர்வில் செய்து ஒட்டினேன்.

அவர்கள் 1943 தையில் பட்டணத்துக்குத் திரும்பினார்கள். அந்த அக்டோபரில் ஒரு ஜப்பான் விமானம் நிஜமாகவே வந்து துறைமுகப் பக்கம் குண்டு போட்டது. தாத்தா பத்திரமாக வீட்டுக்கு வந்தார். அந்த வருடக் கொலு முடிந்து பொம்மைகள் ஏற்கெனவே பெட்டிக்குள் இருந்தன. மறுவருடமும் புலி படியேறியது.

2024 அக்டோபர் 3, கொலுவின் முதல் நாள். பெரியத்தையை ஆட்டோவில் அழைத்து வந்தோம். கீழ்ப்படியில், செட்டியார் தம்பதிக்குப் பக்கத்தில் புலி. செட்டியார் முன்னால் நான் சலித்த மணல் வைத்திருந்தேன். பெரியத்தை புலியை மடியில் வாங்கிக்கொண்டார். முதுகை, வயிற்றை, வாலை விரலால் பார்த்தார். வயிற்றில் என் ஒட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை, நான்தான் விரலைப் பிடித்துக் காட்டினேன். தலைக்கு வந்ததும் கை நின்றது.

“இந்தக் காது இப்படி நிக்காதே. மடங்கி இருக்கும். காயறதுக்கு முன்னாடி உங்கப்பன் கட்டிப்புடிச்சுத் தூங்கிட்டான், காலையில மடங்கிப் போச்சு. நிமித்துறேன்னு அம்மா போனா, வேண்டாம்னு ஒரே அழுகை.”

எந்தப் பக்கமாக மடங்கியிருந்தது என்று கேட்டேன். தன் உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்து, தலையைச் சாய்த்துக் காட்டினார். பின்பக்கமாக, சற்றுக் கீழ்நோக்கி.

விஜயதசமி முடிந்ததும் அந்தக் காதின் அடியில் ஈரப்பஞ்சு வைத்து மெதுவாகக் கழற்றினேன். இப்போது சின்னக் கிண்ணத்தில் புதுக் கூழ் ஊறிக்கொண்டிருக்கிறது.